பத்தரை மணிக்கு நிற்கும் வைஃபை

புதிதாக வேலைக்குச் சேர்ந்திருக்கும் தம்பிகளே, அம்மணிகளே,

ஓய்வு பெற்றவனைக் கூப்பிட்டு அனுபவத்தை எழுதிக் கொடுங்கள் என்றால், அவன் ஜெயித்த கதைகளைத்தான் எழுதுவான். நானும் அப்படித்தான் ஆரம்பித்தேன். மூன்று பக்கம் எழுதிவிட்டுப் படித்துப் பார்த்தேன். இப்படி ஒரு மனிதன் முப்பது வருடம் கோயமுத்தூரில் வேலை பார்த்திருந்தால் இந்த ஊரில் நெட்வொர்க் ஒரு நாளும் நின்றிருக்கக் கூடாதே என்று எனக்கே சந்தேகம் வந்துவிட்டது. கிழித்துப் போட்டேன்.

வைஃபை தரும் ஆக்சஸ் பாயிண்ட் பெட்டியை எவ்வளவு உயரத்தில் மாட்டுவது, எந்த சேனல் வைப்பது என்பதெல்லாம் உங்களுக்கு என்னைவிட நன்றாகத் தெரியும். திருட்டுப் பயத்தில் அதை இரும்பு பீரோவுக்குள் வைத்துப் பூட்டிவிட்டு, சிக்னல் வரவில்லை என்று நமக்கு போன் போட்ட நகைக்கடைக்காரரைப் போன்றவர்களை நீங்களும் சந்திப்பீர்கள். அவர்களை நினைத்து ஆபீசில் சிரித்துக்கொள்ளலாம், நானும் நிறையச் சிரித்திருக்கிறேன். இப்போது சொல்லப்போவது சிரித்தவனைப் பற்றி.

அன்னூர் போகிற வழியில் ஒரு பம்ப் கம்பெனி. அப்பா ஆரம்பித்ததை மகன் எடுத்து நடத்துகிறார். அந்த மகனைத்தான் நான் முதலாளி என்று சொல்கிறேன், ஐம்பதை நெருங்கிய மனிதர். சொன்ன சொல் மாறாதவர் என்று பெயர் எடுத்தவர், அந்தப் பெயரில் அவருக்கே கொஞ்சம் பெருமையும் உண்டு. மேனேஜர் பெயர் கதிர்வேல். வெளிநாட்டிலிருந்து பம்ப் வாங்குகிறவர்கள் நேரில் வருவதைக் குறைத்துக்கொண்டு, சோதனையை வீடியோவில் காட்டச் சொல்ல ஆரம்பித்திருந்த சமயம் அது. கையில் டேப்லெட்டைப் பிடித்துக்கொண்டு சோதனைக் கூடம் முழுக்க நடந்தாலும் படம் அறுபடக் கூடாது என்பது முதலாளியின் தேவை. கூடத்தின் கூரையில் இரண்டு ஆக்சஸ் பாயிண்ட், அலுவலகத்தில் ஒன்று, ஆக மூன்று வெள்ளைப் பெட்டிகளை மாட்டி, எல்லாவற்றையும் நானே அமைத்துக் கொடுத்தேன். கூடத்தின் இந்த மூலையிலிருந்து அந்த மூலைவரை முதலாளி டேப்லெட்டோடு நடந்து பார்த்தார். படம் அசையவில்லை. என் முதுகில் தட்டிக் கொடுத்தார். நானும் தட்டத் தகுந்த முதுகுதான் என்று நினைத்துக்கொண்டு வந்தேன்.

இரண்டு வாரம் கழித்து கதிர்வேல் போன் செய்தார். தினமும் காலை பத்தரைக்கு வைஃபை நின்றுபோகிறது, மூன்று நிமிடத்தில் தானாக வந்துவிடுகிறது, என்ன செய்யலாம் என்று கேட்டார். நான் அப்போது சரவணம்பட்டி சிக்னலில் வண்டிகளுக்கு நடுவே மாட்டிக்கொண்டிருந்தேன். பத்தரைக்கு அங்கே என்ன நடக்கும் என்று கேட்டேன். டீ நேரம் என்றார். டீ எப்படிப் போடுகிறீர்கள் என்று கேட்டேன். சோதனைக் கூடத்தை ஒட்டிய சின்ன அறையில், இண்டக்‌ஷன் அடுப்பில் என்றார்.

எனக்கு அது போதுமாயிருந்தது. காந்தப் புலம், வோல்டேஜ் இறக்கம், குறுக்கீடு ஆகிய மூன்று சொற்களையும் ஒரே வாக்கியத்தில் போட்டு இரண்டு நிமிடம் பேசினேன். அதற்குள் சிக்னலும் பச்சைக்கு மாறியது. அடுப்பை அங்கிருந்து எடுத்துவிடுங்கள், எல்லாம் சரியாகிவிடும் என்று முடித்தேன். கதிர்வேல், "போன்லயே கண்டுபுடிச்சுட்டீங்களே சார்" என்றார். அந்த வாரம் முழுக்க நான் அதை மூன்று பேரிடமாவது சொல்லியிருப்பேன்.

அந்த அடுப்பில் டீ போட்டுக்கொண்டிருந்தவர் மயிலாத்தாள். நாற்பத்தைந்து வயதிருக்கும். பதினோரு வருடமாக அங்கே டீ போடுவது, அலுவலகம் கூட்டுவது, பாத்திரம் கழுவுவது எல்லாம் அவர்தான். சொன்ன அன்றே அடுப்பைத் தூக்கிக்கொண்டுபோய் கேட்டுக்குப் பக்கத்தில் இருக்கும் வாட்ச்மேன் அறையில் வைத்துக்கொண்டார். அங்கிருந்து சோதனைக் கூடத்துக்கு நல்ல தூரம். டீ டிரம்மைத் தூக்கிக்கொண்டு அவ்வளவு தூரமும் நடந்தார். வைஃபை மட்டும் அதே பத்தரைக்கு நின்றுகொண்டிருந்தது.

இந்த இடத்தில் யாராவது அடுப்பின் மேல் இருந்த சந்தேகத்தைக் கைவிட்டிருக்க வேண்டும். கதிர்வேல் கைவிடவில்லை. போனில் பேசிய நிபுணர் அடுப்புதான் என்று சொல்லிவிட்டார், அடுப்பு இடம் மாறியும் வைஃபை நிற்கிறது, அப்படியானால் அடுப்பு இடம் மாறவில்லை என்று முடிவு செய்தார். நடக்கச் சலித்துக்கொண்டு இந்தம்மா திருட்டுத்தனமாகப் பழைய அறையிலேயே அடுப்பை மாட்டுகிறார் என்பது அவர் கண்டுபிடிப்பு. மயிலாத்தாள் இல்லை என்று எத்தனை முறை சொல்லியும் எடுபடவில்லை.

அதற்கு நடுவில், ஸ்டோர் ரூமுக்கு இன்னொரு பெட்டி மாட்டுவதற்காக நான் அங்கே போனேன். ஏணியில் நின்றுகொண்டிருந்த எனக்கு மயிலாத்தாள் டீ கொண்டுவந்து வைத்தார். வைத்துவிட்டுப் போகாமல் நின்றார்.

"சார், போன வாரம் ரண்டு நாளு பொண்ணு ஊட்டுக்கு உடுமலைக்குப் போயிட்டனுங்க. அந்த ரண்டு நாளும் இங்க ஆரும் அடுப்பே போடலீங்க, கடையில இருந்துதான் டீ வாங்கியாந்தாங்களாமா. அன்னைக்கும் பத்தரைக்கு நின்னுச்சாமாங்க. வாட்ச்மேன் சொன்னாரு. அதைக் கொஞ்சம் என்னன்னு பாருங்க சார்."

நாங்கள் படித்த படிப்பில் இதற்குப் பெயர் சோதனை. ஒரு காரணத்தை விலக்கிவிட்டு விளைவு தொடர்கிறதா என்று பார்ப்பது. அந்த வளாகத்தில் அதைச் செய்து பார்த்திருந்த ஒரே ஆள் எட்டாம் வகுப்பு படித்த மயிலாத்தாள். நான் ஏணியிலிருந்து இறங்காமலே "பார்க்கறேம்மா" என்றேன். நம் தொழிலில் அந்தச் சொல்லுக்கு என்ன பொருள் என்று உங்களுக்கு இந்நேரம் தெரிந்திருக்கும். டீயைக் குடித்தேன், பெட்டியை மாட்டினேன், கிளம்பினேன்.

பிறகு ஒரு புதன்கிழமை. பெரிய ஆர்டர் ஒன்றுக்கு வீடியோவில் சோதனை. முதலாளியே டேப்லெட்டைப் பிடித்துக்கொண்டு நின்றிருக்கிறார். அந்தப் பக்கம் வாங்குகிறவரும் அவருடைய ஆட்கள் இருவரும். பம்ப் ஓடுகிறது, அழுத்தம் காட்டும் மீட்டரில் முள் நன்றாக நிற்கிறது. பத்தரை ஆகப்போகும் நேரத்தில் உறிஞ்சும் குழாயில் கொஞ்சம் காற்று புகுந்து முள் லேசாக இறங்கியிருக்கிறது. எப்போதும் நடப்பதுதான், சில நொடிகளில் சரியாகிவிடும். ஆனால் முள் இறங்கிய அந்தப் படத்தோடு வைஃபை நின்றுவிட்டது.

மூன்று நிமிடம் கழித்து மீண்டும் படம் வந்தபோது முள் இருக்க வேண்டிய இடத்தில் இருந்தது. அந்தப் பக்கத்து ஆள் கோபப்படவில்லை. இந்த மூன்று நிமிடத்தில் பம்ப்பை என்ன செய்தீர்கள் என்று மட்டும் கேட்டார். முதலாளி வாழ்க்கையில் அப்படி ஒரு கேள்வியை அவரிடம் யாரும் கேட்டதில்லை. சோதனையை அத்தோடு நிறுத்திக்கொள்வதாகவும் பிறகு தகவல் தருவதாகவும் சொல்லிவிட்டார்கள்.

கதிர்வேல் நேராகப் பழைய டீ அறைக்கு ஓடினார். மயிலாத்தாள் அங்கே அடுப்பைக் கையில் வைத்துத் துடைத்துக்கொண்டிருந்தார். வாட்ச்மேன் அறையில் குழாய் இல்லாததால் தினமும் பாலைக் காய்ச்சி முடித்ததும் அதைக் கொண்டுவந்து துடைப்பது அங்கேதான். கதிர்வேல் கேட்டது அடுப்பு ஏன் இங்கே இருக்கிறது என்பதை மட்டும்தான். மயிலாத்தாள் சொன்ன பதிலை யாரும் கேட்கவில்லை. மதியத்துக்குள் கணக்கு முடித்து அனுப்பிவிட்டார்கள்.

மறுநாள் காலை என்னைக் கூப்பிட்டார்கள். கதிர்வேல் நடந்ததையெல்லாம் சொல்லி, இனி அந்தத் தொல்லை இல்லை, எதற்கும் ஒருமுறை எல்லாவற்றையும் பார்த்துவிடுங்கள் என்றார். சோதனை நின்றுபோயிருந்ததால் அன்று பத்தரைக்கு வைஃபையை யாரும் கவனித்திருக்கவில்லை. நான் அவர் அறையில் உட்கார்ந்து ஆக்சஸ் பாயிண்ட்டின் பதிவேட்டைத் திறந்தேன். எப்போது எழுந்தது, எப்போது அணைந்தது என்று பெட்டி தானே எழுதி வைத்துக்கொள்ளும் குறிப்பு அது. தினமும் ஐந்து மணிக்கு ஒருமுறை தானாக அணைந்து மறுபடி எழுந்திருக்கிறது. அதில் தவறில்லை, அப்படி வைத்தவன் நான்தான். நாளுக்கு ஒருமுறை அணைந்து எழுந்தால் பெட்டி சுறுசுறுப்பாக இருக்கும் என்பது என் கொள்கை. யாரும் வேலைக்கு வராத விடிகாலை ஐந்து மணியைத் தேர்ந்தெடுத்திருந்தேன்.

பிறகு திரையின் மூலையில், இப்போது மணி என்ன என்று அந்தப் பெட்டி நினைத்துக்கொண்டிருக்கிறது என்பதைப் பார்த்தேன். ஐந்து முப்பத்தாறு என்றிருந்தது. சுவரில் இருந்த கடிகாரம் பதினொன்று ஆறு என்றது.

கிரீன்விச் நேரத்தோடு வந்த பெட்டியின் கடிகாரத்தை நம் ஊர் நேரத்துக்கு மாற்ற நான் மறந்திருந்தேன். பெட்டிக்கு ஐந்து மணி ஆகும்போது அன்னூரில் பத்தரை.

உடனே மயிலாத்தாளை நினைத்தேன் என்று எழுதலாம், ஆனால் அது பிறகு நடந்தது. முதலில் நடந்தது வேறு. ஒரே ஒரு சொடுக்குப் போட்டு நேரத்தை மாற்றிவிட்டால் நாளையிலிருந்து பத்தரைக்கு எதுவும் நிற்காது. அந்தம்மா போனதும் சரியாகிவிட்டது பார் என்று எல்லோரும் சொல்லுவார்கள். போனிலேயே கண்டுபிடித்தவன் என்ற என் பெயரும் நிலைக்கும். இவ்வளவும் என் மனத்தில் ஓடியது. என் விரல் எங்கே இருந்தது என்பதை உங்களிடம் மறைக்க விரும்பவில்லை. சுட்டியின் மேல்தான் இருந்தது.

அப்போது கதிர்வேல் தண்ணீர் கொண்டுவந்து வைத்துவிட்டு, "நீங்க அன்னைக்கே சொன்னீங்க சார், அடுப்புதான்னு. நாங்கதான் அசால்ட்டா இருந்துட்டோமுங்க" என்றார். திட்டியிருந்தால் ஒருவேளை அந்தச் சொடுக்கைப் போட்டிருப்பேன். பாராட்டைத் தாங்க முடியவில்லை. எழுந்து முதலாளி அறைக்குப் போனேன்.

தவறு என்னுடையது என்று சொன்னேன். ஏன், எப்படி என்று விளக்கினேன். அவர் பொறுமையாகக் கேட்டார். பிறகு சிரித்தார்.

"அந்தம்மா பாவம்னு நெனைக்கறீங்க. பெரிய மனசுங்க உங்களுக்கு" என்றார்.

இல்லை, உண்மையிலேயே நான்தான் என்றேன். முப்பது வருடம் இந்தத் தொழிலில் இருப்பவர் கடிகாரம் வைக்க மறப்பாரா, இதை நான் நம்ப வேண்டுமா என்று கேட்டுவிட்டு எனக்கு இளநீர் கொண்டுவரச் சொன்னார். தம்பிகளே, உங்கள் திறமையின் மேல் அடுத்தவருக்கு நம்பிக்கை வரவைக்க நீங்கள் எவ்வளவோ பாடுபடப் போகிறீர்கள். அந்த நம்பிக்கையை உடைக்க நான் அன்று பட்ட பாடு அதற்கு ஒன்றும் குறைந்ததல்ல. நான் சொல்லச் சொல்ல அவர் பார்வையில் என் மதிப்பு கூடிக்கொண்டே போனது. கடைசியில், நாளைக் காலை பத்தரைக்கு எனக்காக ஐந்து நிமிடம் ஒதுக்குங்கள் என்று மட்டும் கேட்டுக்கொண்டு வந்தேன். அமைப்பில் எதையும் மாற்றவில்லை.

மறுநாள் பத்து இருபத்தைந்துக்கு முதலாளி, கதிர்வேல், நான் மூன்று பேரும் சோதனைக் கூடத்தில் பெட்டிக்குக் கீழே நின்றோம். இண்டக்‌ஷன் அடுப்பை வாட்ச்மேன் அறையிலிருந்து வாங்கிவந்து வயரைச் சுற்றி மேசை மேல் வைத்திருந்தேன். டேப்லெட்டில் அலுவலகத்துப் பெண் ஒருவரை வீடியோவில் பேசிக்கொண்டே இருக்கச் சொன்னேன். பத்தரை. அந்தப் பெண்ணின் முகம் பாதி வாய் திறந்தபடி நின்றது. பெட்டியின் விளக்கு நிறம் மாறியது. கதிர்வேல் அப்போதும் அடுப்பைத்தான் பார்த்தார்.

இது தற்செயலாக இருக்கலாமே என்றார் முதலாளி. மூன்று நிமிடம் கழித்து வைஃபை வந்ததும், அவர் கண் முன்னாலேயே அணைந்து எழும் நேரத்தைப் பெட்டியின் கணக்கில் ஐந்து நாற்பதுக்கு, அதாவது நம் பதினொன்று பத்துக்கு மாற்றினேன். காத்திருந்தோம். பதினொன்று பத்துக்கு நின்றது.

முதலாளி என்னை முதல்முறையாகப் பார்ப்பது போலப் பார்த்தார். ஒருவர் மேல் வைத்த மரியாதை இறங்கும்போது முகத்தில் அது எப்படித் தெரியும் என்பதை அவ்வளவு பக்கத்தில் நான் பார்த்ததில்லை.

கதிர்வேலுக்குத்தான் முதலில் தோன்றியது. இதையே அந்த வெளிநாட்டுக்காரருக்கு எழுதிக் கொடுத்துவிடலாமே என்றார். பெட்டியின் பதிவேட்டையும் இணைத்துவிட்டால், அந்த மூன்று நிமிடம் நாம் வேண்டுமென்று நிறுத்தியதில்லை என்பதற்கு அதைவிட என்ன சாட்சி வேண்டும். முதலாளி முகம் தெளிந்துவிட்டது. ஒரு பெண்ணின் வேலையைக் காப்பாற்ற நான் முந்தின நாள் கொடுத்தபோது யாரும் வாங்கிக்கொள்ளாத அதே ஒப்புதல், ஆர்டரைக் காப்பாற்றும் என்று தெரிந்ததும் பத்து நிமிடத்தில் எங்கள் நிறுவனத்தின் பெயரோடு ஆங்கிலத்தில் தயாராகிவிட்டது. கையெழுத்துப் போடும் இடத்தில் பென்சிலால் புள்ளிகூட வைத்திருந்தார் கதிர்வேல்.

நான் பேனாவை மூடி மேசை மேல் வைத்தேன். மயிலாத்தாளை என்ன செய்யலாம் என்று கேட்டேன்.

"யாருங்க?" என்றார் முதலாளி. கெட்ட எண்ணத்தில் கேட்கவில்லை. நிஜமாகவே அந்த நொடியில் அவருக்கு நினைவில்லை. பிறகு, அதற்கென்ன, வரச் சொல்லிவிடலாம் என்றார். அவர் மேல் குற்றமில்லை என்று தமிழிலும் ஒரு கடிதம் வேண்டும், அதை நானே கொண்டுபோய்க் கொடுக்கிறேன் என்றேன். கதிர்வேல் ஆங்கிலத்தைப் பார்த்தே தமிழிலும் தட்டினார். இரண்டிலும் கையெழுத்துப் போட்டேன்.

அந்த ஆர்டர் கிடைத்தது. பதிவேட்டை ஏற்றுக்கொண்டு, இன்னொரு நாள் மறுபடி சோதனை பார்த்து, பம்ப் தேறியது. எங்களோடு வைத்திருந்த பராமரிப்பு ஒப்பந்தத்தை மட்டும் அடுத்த முறை புதுப்பிக்கவில்லை. அதையும் மிகவும் மரியாதையாக, "வேற ஒண்ணுமில்லீங்க, ஒறம்பரைப் பையன், சொந்தத்துல ஒருத்தன் கேட்டுட்டே இருக்கறானுங்க" என்று சொன்னார் முதலாளி. நான் சொன்னதை நம்ப மறுத்த நாளிலும், நம்பிய பிறகும், அவர் குரலில் ஒரு மாற்றமும் இல்லை.

கையெழுத்துப் போட்ட அன்று மதியமே மயிலாத்தாள் வீட்டுக்குப் போனேன். கம்பெனியிலிருந்து நான்கைந்து கிலோமீட்டர். பிளாஸ்டிக் நாற்காலியை எடுத்துப் போட்டு உட்காரச் சொன்னார். வீட்டுக்காரர் கோழிப் பண்ணைக்கு வேலைக்குப் போயிருந்தார். நடந்ததைச் சொன்னேன். திரும்பவும் வேலைக்கு வரலாம் என்றும் சொன்னேன். திங்கட்கிழமையிலிருந்து பக்கத்து மில்லில் கேன்டீனுக்கு வரச் சொல்லியிருக்கிறார்கள், அங்கேயே போய்க்கொள்கிறேன் என்றார். கோபமாகச் சொல்லவில்லை, தகவலாகத்தான் சொன்னார்.

ஆனால் கடிதம் வேண்டும் என்றார். வாட்ச்மேன் அதே ஊர்க்காரர். மயிலாத்தாள் ஏதோ மெஷினைக் கெடுத்துவிட்டதாக ஊரெல்லாம் பேச்சு. கேன்டீன் மேஸ்திரிகூட, மெஷினைக் கெடுத்தது நீங்கள்தானா என்று சிரித்துக்கொண்டே கேட்டிருக்கிறார். உடுமலையில் மகளின் மாமியார் வரைக்கும் சேதி போய்விட்டது.

கடிதத்தைக் கொடுத்தேன். விரலை வரிக்குக் கீழே வைத்து, வாய்க்குள்ளேயே எழுத்துக் கூட்டி, மெதுவாகப் படித்தார். 'கடிகார அமைப்பில் நேர்ந்த பிழையால் இணைப்பு தடைப்பட்டது கண்டறியப்பட்டுச் சரிசெய்யப்பட்டது. இதற்கும் திருமதி மயிலாத்தாள் அவர்களுக்கும் தொடர்பில்லை எனத் தெரியவருகிறது.' இவ்வளவுதான். மறுபடியும் முதலிலிருந்து படித்தார்.

"ஆரு செஞ்சதுன்னு இதுல இல்லீங்களே சார்" என்றார்.

யாரும் வேண்டுமென்று செய்யவில்லை என்றேன்.

"வேணும்னு செஞ்சாங்கன்னு நான் சொல்லலீங்க. ஆராச்சும் செஞ்சுதானுங்களே ஆயிருக்கும். இந்தக் காயிதத்துல இருக்கற பேரு என்ற பேரு ஒண்ணுதானுங்க. படிக்கறவங்க அதைத்தானுங்க புடிச்சுக்குவாங்க."

நான் கடிதத்தை வாங்கிப் பார்த்தேன். அவர் சொன்னது சரி. முப்பது வருடத்தில் எத்தனையோ அறிக்கை எழுதியிருக்கிறேன். பிழைகள் நேர்ந்தன, கண்டறியப்பட்டன, சரிசெய்யப்பட்டன. எதையும் யாரும் செய்ததில்லை. உங்களுக்கும் அந்த நடையைச் சீக்கிரமே சொல்லிக் கொடுத்துவிடுவார்கள். அதில் எழுதினால் கைக்கு இதமாக இருக்கும்.

பையிலிருந்து வெள்ளைத் தாள் ஒன்றை எடுத்து, முழங்கால் மேல் வைத்துக் கையால் எழுத ஆரம்பித்தேன். 'பெட்டியின் கடிகாரத்தைச் சரியாக வைக்காமல் விட்டவன் நான். பார்க்காமலேயே அடுப்பின் மேல் பழி போட்டவன் நான். மயிலாத்தாள் என்னிடம் உண்மையை எடுத்துச் சொன்னார், நான் காதில் வாங்கவில்லை. அவர் மேல் எந்தத் தவறும் இல்லை.' நான்கு வரிதான். ஆங்கிலக் கடிதம் முழுவதற்கும் ஆன நேரத்தைவிட அதிக நேரம் ஆயிற்று. கீழே முழுப் பெயரையும் பதவியையும் எழுதிக் கையெழுத்துப் போட்டுக் கொடுத்தேன்.

இதையும் இரண்டு முறை படித்தார். மூன்றாவது வரியில் விரல் கொஞ்சநேரம் நின்றது. பிறகு தாளை என்னிடம் திருப்பி நீட்டினார்.

"தேதி போடலீங்க சார்" என்றார்.

போட்டுக் கொடுத்தேன். வாங்கி, ரேஷன் கார்டு வைத்திருந்த பிளாஸ்டிக் உறைக்குள் செருகிவிட்டு, எனக்குக் குடிக்கத் தண்ணீர் கொண்டுவர உள்ளே போனார்.